அப்ரண்டிஸாகச் சேரும் முன்: பிள்ளைகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

படித்து முடித்த பிள்ளையையும் ஆள் தேடும் கம்பெனியையும் சேர்த்து வைக்க நம் நாட்டில் 1961 முதலே ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் என்பது அதன் பெயர். பேச்சில் அப்ரண்டிஸ். ரயில்வேயிலும் பெல் கம்பெனியிலும் மட்டும்தான் அது உண்டு என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். அதனால் வரும் சந்தேகங்களும் அதிகம். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில்.

அப்ரண்டிஸ் என்பது வேலையா, படிப்பா?

சட்டத்தின் கண்ணில் அது பயிற்சி. அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர். தொழிலாளி அல்ல என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. ஆனால் நடப்பது பள்ளிக்கூடத்தில் இல்லை, ஷாப் ஃப்ளோரில். கார்டு தட்டி உள்ளே போக வேண்டும், ஷிப்ட் உண்டு, சேஃப்டி ஷூ உண்டு, மாதம் பிறந்தால் ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) உண்டு. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். ஆபத்தான தொழில்களுக்கு 18. மைனராக இருந்தால் ஒப்பந்தத்தில் பெற்றோரோ கார்டியனோ கையெழுத்துப் போட வேண்டும்.

"சம்பளம் கம்மி, அதனால் இது வேலையே இல்லை" என்று சொல்கிற அப்பாக்களும் உண்டு, "மாசம் பணம் வருதே, அப்புறம் என்ன படிப்பு" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பாதிதான் சரி. பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே கற்றுத் தர ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் முக்கியம். கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றித்தான்.

இன்டர்ன், டிரெய்னி, அப்ரண்டிஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பெயரைப் பார்க்காதீர்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள். சட்டப்படியான அப்ரண்டிஸ் என்றால் அரசு போர்ட்டலில் கம்பெனி, உங்கள் பெயர், டிரேடு (ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில் பிரிவு), காலம், ஸ்டைபண்ட் எல்லாம் போட்டு ஓர் ஒப்பந்தம் உருவாகும். அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். அந்த எண் இல்லை என்றால் ஆஃபர் லெட்டரில் 'அப்ரண்டிஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது, கடைசியில் சான்றிதழும் கிடைக்காது.

இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும்போதே சில வாரம், சில மாதம் போய் வருவது. டிரெய்னி என்பதற்குச் சட்டத்தில் தனி அர்த்தம் கிடையாது. கம்பெனி வைக்கிற பெயர். சில வருடங்களுக்கு முன் 'நீம்' டிரெய்னி என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார்களே, அது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் தனித் திட்டம். மலிவாக ஆள் பிடிக்கத்தான் அது பயன்படுகிறது என்ற புகார் ஓயவே இல்லை. 2022 கடைசியில் அதையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது நீம் என்று சொல்லி ஆள் சேர்த்தால் எழுந்து வந்துவிடலாம்.

எங்கே பதிய வேண்டும்?

இரண்டு வாசல் இருக்கிறது. ஐடிஐ முடித்தவர்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் எல்லாருக்கும் மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குக் கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்' (தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) போர்ட்டல். இரண்டாவதைத் தென் மாநிலங்களுக்குக் கவனிப்பது சென்னை தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை டிப்ளமோ, டிகிரி அப்ரண்டிஸ் எடுக்கும்போது 'நாட்ஸில் பதிந்துவிட்டு விண்ணப்பிக்கவும்' என்றுதான் அறிவிப்பே வரும்.

எந்தெந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் வரலாம் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். படித்து முடித்த கையோடு பதிவது நல்லது. ஏற்கெனவே ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் நாட்ஸில் எடுக்க மாட்டார்கள்.

பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கு உண்டா?

உண்டு. முன்பு நாட்ஸ் என்றால் இன்ஜினியரிங் மட்டும்தான். இப்போது கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், ஹெச்ஆர், வங்கி வேலைகளில் இடம் வருகிறது.

எவ்வளவு தருவார்கள்?

2019ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தபட்சத் தொகை இது: 5 முதல் 9ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பிளஸ் டூவுக்கும் ஐடிஐக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூட வேண்டும். இந்த 5,000–9,000 என்பதை 6,800–12,300 ஆக்கலாம் என்று மத்திய தொழில் பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஒப்பந்தம் போடும் அன்றைக்கு என்ன தொகை நடப்பில் இருக்கிறது என்று போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம்தான், கூடக் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஹோசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் கிடைக்காத கம்பெனிகள் கூடுதலாகவும் கொடுக்கின்றன. கேன்டீன் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் சேர்த்துக் கொடுக்கிற இடங்களும் உண்டு.

"ஏழாயிரம்னு சொல்லிட்டு ஐயாயிரத்து ஐநூறுதான் போட்டிருக்காங்க" என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை. 2016இல் தொடங்கிய தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. முன்பு அது கம்பெனிக்குப் போனது. 2023 முதல் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆக 5,500 கம்பெனியிடமிருந்து, 1,500 அரசிடமிருந்து. அந்த 1,500 வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை.

இன்னொன்று. ஸ்டைபண்டை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பீஸ் ரேட் கணக்கில் கொடுக்கக் கூடாது. உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் திட்டம் எதிலும் அப்ரண்டிஸைச் சேர்க்கக் கூடாது. கேட்டால் நமக்கு நஷ்டம் போலத் தெரியும். இத்தனை பீஸ் ஓட்டினால் இவ்வளவு என்று வந்துவிட்டால் யாரும் கற்க மாட்டார்கள், ஓட்டத்தான் செய்வார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பார்களா? அடிபட்டால் யார் பொறுப்பு?

சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பிஎஃப்பும் கிடையாது, இஎஸ்ஐயும் கிடையாது. ஆனால் தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி விதிகள் அப்படியே பொருந்தும். பயிற்சியின்போது காயம் பட்டால் தொழிலாளிக்குத் தருவதுபோல இழப்பீடு தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஓவர்டைம் பார்க்கச் சொல்ல வேண்டுமானால் தொழில் பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) ஒப்புதல் வேண்டும். 'ஆள் இல்லை, இன்னைக்கு டபுள் ஷிப்ட் பாரு' என்று அப்ரண்டிஸிடம் சொல்லவே கூடாது.

உள்ளே போனால் என்னதான் கற்றுத் தருவார்கள்?

நல்ல இடமாக இருந்தால் முதலில் மெஷின் பக்கமே விட மாட்டார்கள். ஃபிட்டர் டிரேடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எம்.எஸ். (சாதாரண இரும்பு) துண்டையும் ஒரு அரத்தையும் கொடுத்து, வைஸ் என்ற பிடிப்பானில் பிடித்து ஃபைல் போட, அதாவது அராவ, சொல்வார்கள். ஒரு பக்கம் சமமாக வந்ததும் அதற்குச் செங்குத்தாக அடுத்த பக்கம். பையன் முடித்துவிட்டதாக நினைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். இன்ஸ்ட்ரக்டர் டிரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். பிளேடுக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் பேச்சே கிடையாது, துண்டு திரும்ப வைஸுக்குப் போகும். நாள் முழுக்க இதே. கை வலிக்கும், எரிச்சல் வரும். 'இதையெல்லாம் ஐடிஐயிலேயே பண்ணிட்டேனே' என்று தோன்றும். ஐடிஐயில் மார்க்குக்குச் செய்தது. இங்கே அந்தத் துண்டு போய் இன்னொன்றோடு பொருந்த வேண்டும்.

அதற்கப்புறம் செக்‌ஷன் மாற்றி மாற்றிப் போடுவார்கள்: மெஷின் ஷாப், அசெம்பிளி, மெயின்டனன்ஸ், குவாலிட்டி. என்னைக் கேட்டால் மெயின்டனன்ஸில் இருக்கும் நாட்களைத்தான் விடவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து ஒன்றும் தெரியாது. நின்றுபோன மெஷினைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அது எப்படி ஓடுகிறது என்று புரியும். டைரி போடச் சொல்வார்கள். மாதக் கடைசியில் பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து எழுதாமல், அன்றன்றைக்கு எந்த மெஷின், என்ன ஜாப், எதில் அளந்தோம் என்று எழுதினால் பின்னால் இன்டர்வியூவுக்கு அதைத்தான் புரட்டுவீர்கள்.

இரும்பைத் தாண்டியும் சில உண்டு. ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு நிற்பது, ஷிப்ட் முடிந்து போகும்போது அடுத்தவரிடம் மெஷினின் நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போவது, தெரியாததைத் தெரியாது என்று ஃபோர்மேனிடம் சொல்வது. கடைசியில் சொன்னதற்கு நம் பிள்ளைகள் ரொம்பத் தயங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னால் அடி விழுந்த பழக்கம். இங்கே சொல்லாமல் விட்டால் டூல் உடையும், கையும் போகலாம்.

நாலு மாதமாக ஒரே மெஷினில் பட்டன் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். இதுதான் பயிற்சியா?

இல்லை. ஒவ்வொரு டிரேடுக்கும் பாடத்திட்டம் இருக்கிறது. அதைப் போர்ட்டலிலேயே பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு முதலில் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். சண்டையாக வேண்டாம். "சார், சிலபஸில் கிரைண்டிங் இருக்கு, எப்போ போடுவீங்க?" என்று கேட்டாலே பல இடங்களில் மாற்றிவிடுகிறார்கள். பாதி இடங்களில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆள் பற்றாக்குறையில் மறந்திருப்பார்கள். மீதி இடங்களில் அப்ரண்டிஸை மலிவான ஆளாகத்தான் எடுத்திருப்பார்கள், அதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஹெச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். நகர்வில்லை என்றால் போர்ட்டலில் புகார் செய்யலாம், தொழில் பழகுநர் ஆலோசகருக்கும் எழுதலாம். ஐடிஐ முடித்தவர்கள் தாங்கள் படித்த ஐடிஐயிலேயே போய்க் கேட்டால் எந்த அலுவலகம் என்று சொல்வார்கள்.

முடித்தால் அங்கேயே வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. 22ஆம் பிரிவின்படி, வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் கிடையாது, ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தால் தவிர. ஆகவே கையெழுத்துக்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று படியுங்கள்.

ரயில்வே கதை தனி. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பொன்மலை, போத்தனூர் பணிமனைகளில் ஆக்ட் அப்ரண்டிஸ் (இந்தச் சட்டப்படியான அப்ரண்டிஸ்) எடுப்பார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது, மார்க் அடிப்படையில்தான் பட்டியல். ஒரு காலத்தில் அப்ரண்டிஸ் முடித்தால் ரயில்வேயில் நுழைந்துவிடலாம் என்றே ஊரில் பேச்சு. இப்போது அப்படி இல்லை. லெவல்-1 (அடிநிலை) பணியிடங்களில் 20 சதவீதம் ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது, ஆனால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். நேரடி நியமனம் கேட்டு 2018 மார்ச்சில் மும்பையில் தாதர்–மாட்டுங்கா இடையே அப்ரண்டிஸ்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறித்தது அந்த ஏமாற்றத்தால்தான். ரயில்வே அப்ரண்டிஸுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பயிற்சி உருப்படியானது. வேலை வந்துவிட்டதாக நினைத்து மற்ற முயற்சிகளை நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

டிரேடு அப்ரண்டிஸ் முடித்தவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். கம்பெனி கொடுக்கும் அனுபவக் கடிதம் வேறு, இது வேறு. தேர்வுக்கு வராமல் பயிற்சியோடு விட்டுப்போகிறவர்கள் உண்டு. கிடைக்க வேண்டிய சான்றிதழைத் தாங்களே விட்டுவிட்டுப் போவது அது.

மில்லில் மூன்று வருடம் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவார்களாம். சேர்க்கலாமா?

வேண்டாம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் சிலவற்றில் இதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் இருந்தது. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை 'பயிற்சியாளர்' என்ற பெயரில் அழைத்துப் போனார்கள். ஹாஸ்டலை விட்டு வெளியே வர முடியாமல், காலம் முடிவதற்குள் உடம்பு முடியாமல் திரும்பி வந்து அந்த மொத்தத் தொகையையும் இழந்த பிள்ளைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று வருடத்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இரு' என்று சொல்வது பயிற்சி ஆகாது. அப்ரண்டிஸ் என்றால் பணம் மாதாமாதம் பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குக்கு வர வேண்டும். இது ஒன்றைக் கேட்டாலே ஆசாமி யார் என்று தெரிந்துவிடும்.

பெண் பிள்ளையை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு அனுப்ப பயமாக இருக்கிறது.

சேரும் முன் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் ஹாஸ்டலைப் பாருங்கள். எத்தனை பேர் ஓர் அறையில், இரவு ஷிப்ட் உண்டா, பஸ் ஹாஸ்டல் வாசல் வரை வருமா, உடம்பு முடியாவிட்டால் யாருக்குப் போன் செய்வது. ஏற்கெனவே அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேச விடுகிறார்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால் பஸ் ஏறி வந்துவிடலாம்.

ஏஜென்ட் இருபதாயிரம் கேட்கிறார், ரயில்வே அப்ரண்டிஸ் வாங்கித் தருவதாக.

கொடுக்காதீர்கள். இரண்டு போர்ட்டலிலும் பதிவுக்குக் காசு கிடையாது. ரயில்வே விண்ணப்பத்துக்கு 100 ரூபாய் கட்டணம். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் கிடையாது. மார்க் பட்டியலில் ஏஜென்டால் ஒரு வரிசைகூட மாற்ற முடியாது. உங்கள் பையனுக்குத் தானாகவே இடம் கிடைத்துவிட்டால் 'என்னால்தான்' என்பார். கிடைக்காவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

பெரிய கேள்விகள் வராது. வெர்னியர் என்ற அளவுகருவியைக் கையில் கொடுத்து லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்பார்கள் (சாதாரணமாக 0.02 மி.மீ.; மைக்ரோமீட்டர் என்றால் 0.01). சின்ன டிராயிங் ஒன்றைக் காட்டி இந்த அளவு எங்கே என்பார்கள். எலக்ட்ரீஷியனாக இருந்தால் ஃபியூஸ், எம்சிபி வித்தியாசம். அப்புறம் வீடு எங்கே, எப்படி வருவாய், ஷிப்ட் பார்ப்பாயா. தமிழிலேயே பதில் சொல்லலாம். இங்கிலீஷ் வராது என்று பயந்து வாசலோடு திரும்பிய பையன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டோடு சின்ன லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நானும் அப்ரண்டிஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு விருப்பம். ஸ்டைபண்டில் அரசு தரும் பங்கு உங்களிடம் பயிலும் பிள்ளைக்கும் உண்டு. போர்ட்டல் வேலை தலைவலி என்றால் அதைச் செய்து தரும் இடைநிலை அமைப்புகளும் இருக்கின்றன.

எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: கடையில் யார் அவனுக்குக் கற்றுத் தரப்போவது? "பாத்துப் பாத்துக் கத்துக்குவான்" என்று விட்டால் ஆறு மாதத்தில் டீ வாங்கவும் சிராய் கூட்டவும் நன்றாகப் பழகியிருப்பான். ஒரு மூத்த ஆளைச் சொல்லி, தினம் ஒரு மணி நேரம் அவர் மெஷினில் நிற்க விடுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனியைப் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. ஐடிஐகளில் 'டூயல்' முறை 2016இல் வந்தது. படிப்பின் ஒரு பகுதி கம்பெனியில். ஜெர்மனியில் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியிலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார்கள். யோசனை அங்கிருந்து வந்தது. பாலிடெக்னிக்குகளில் 'சாண்ட்விச்' டிப்ளமோ நடுவிலேயே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடும். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்போடு சேர்ந்த திறன் பயிற்சி உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கடைசி வருடத்திலேயே ஒருமுறை போய்ச் சும்மா நின்றுவிட்டு வரச் சொல்வேன். கம்பெனிக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதில் விழட்டும்.

பாதியில் விட்டுவிட்டால்?

ஒப்பந்தத்தை முறையாக முடித்துக்கொள்ள வழி உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் சிக்கல்: பயிற்சிச் செலவைக் கம்பெனி திருப்பிக் கேட்க இடம் இருக்கிறது; போர்ட்டலில் பழைய ஒப்பந்தம் திறந்தே கிடந்தால் வேறு இடத்தில் புதியது போட முடியாது. தப்பு கம்பெனி பக்கம் என்றால் இழப்பீடு தர வேண்டியது அவர்கள். எதுவானாலும் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பதியும்போது எங்கே சிக்கும்?

இனிஷியலில்தான். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எம்', ஆதாரில் 'கார்த்திக் முருகன்', வங்கிக் கணக்கில் வெறும் 'கார்த்திக்' என்று மூன்று விதமாக இருக்கும். பிறந்த தேதியும் சில பேருக்கு இடிக்கும். ஆதார் விவரம் பொருந்தாமல் போர்ட்டல் நிறுத்திவிடும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரிசல்ட் வருவதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்றாற்போல் இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ திருத்திவிடுங்கள். செல் நம்பரும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போய், அவர் வயலில் இருந்தால் அன்றைய வேலை அத்தோடு சரி.